வாய்க்கு எட்டியது கைக்கு எட்டவில்லை!

செங்கோட்டையில் பஸ் ஏறி கேரளா பக்கம் போனால், செக்போஸ்ட்டுக்கு முன்னால் வருகிற கடைசித் தமிழ்நாட்டு ஊர் புளியறை. ஒரு பக்கம் பச்சைப் பசேலென்று வயல். மறுபக்கம் மலை. குற்றாலத்தில் சீஸன் களை கட்டினால் அந்தச் சாரலில் ஒரு பங்கு இந்த ஊருக்கும் வந்துவிடும். டிக்கெட் கிடையாது!

புளியறை என்றதும் சுற்றுவட்டாரத்துக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது தட்சிணாமூர்த்தி. வியாழக்கிழமையானால் மஞ்சள் துணி, கொண்டைக்கடலை மாலை சகிதம் ஜனங்கள் வந்துவிடுவார்கள். அவர்கள் வேண்டுதல்களின் பட்டியலில், 'சாமி, எம்புள்ள கணக்குல மட்டும் எப்படியாச்சும் பாஸாயிரணும்' என்பது இல்லாமல் இருக்காது.

தட்சிணாமூர்த்தி யார்? வாயே திறக்காமல் பாடம் நடத்திய ஒரே வாத்தியார்! ஆல மரத்தடியில் உட்கார்ந்து, நாலு முனிவர்களுக்கு விரலை மடக்கிக் காட்டினார். அவ்வளவுதான். அத்தனை சந்தேகமும் தீர்ந்தது என்கிறது புராணம்.

நம் வகுப்பறைகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே எல்லாமே வாய்தான். கைக்கு இரண்டே வேலை. ஒன்று, போர்டில் இருப்பதை நோட்டில் எழுதுவது. இன்னொன்று, நீட்டி அடி வாங்குவது. இப்போது சட்டப்படி அந்த இரண்டாவதும் கிடையாது. ஆக, கைக்கு வேலை பாதியாகக் குறைந்துவிட்டது!

நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் வீட்டு எட்டாம் வகுப்பைக் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

"வட்டத்தின் பரப்பு என்ன?"

"பை ஆர் ஸ்கொயர்!"

"பை என்றால்?"

"22 பை 7!"

"அந்த 22-ம் 7-ம் எங்கேயிருந்து வந்தது?"

இந்த இடத்தில் ஒரு மௌனம் நிலவும். தட்சிணாமூர்த்தியின் மௌனம் இல்லை, வேறு ரகம்.

இத்தனைக்கும் பதில் சமையலறையில் இருக்கிறது. ஒரு சாப்பாட்டுத் தட்டு, கொஞ்சம் நூல். தட்டைச் சுற்றி நூலை ஒட்டிப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். பிறகு தட்டின் குறுக்களவு. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் மூன்றும் கொஞ்சமும் வரும். அடுத்தது வளையல். அதிலும் மூன்றும் கொஞ்சமும். சைக்கிள் சக்கரம்? அதே மூன்றும் கொஞ்சமும்! 'சின்ன வட்டமோ, பெரிய வட்டமோ, இந்தக் கொஞ்சம் மட்டும் மாறவே மாட்டேங்குதே!' என்று பையன் வாயைப் பிளக்கிறான் பாருங்கள், அந்த நிமிஷத்தில்தான் 'பை' என்பது அவன் சொத்தாகிறது. அதுவரை அது பாடப்புத்தகத்தின் சொத்து.

சுண்டல் கணக்கு

கோவிலில் பார்த்த கொண்டைக்கடலைக்கு வருவோம். அதைவிடச் சிறந்த கணக்கு சாதனம் எந்தக் கடையிலும் கிடைக்காது.

12 கடலையைக் கொடுத்து, வரிசை வரிசையாகச் செவ்வகம் அடுக்கச் சொல்லுங்கள். இரண்டு வரிசையில் ஆறாறு வைக்கலாம். மூன்று வரிசையில் நாலு நாலு வைக்கலாம். சரி, இன்னொரு கடலையைச் சேர்த்து 13 ஆக்குங்கள். இப்போது அடுக்கச் சொன்னால் பையன் திணறுவான். இரண்டிரண்டாக வைத்தால் ஒன்று மிச்சம், மூன்று மூன்றாக வைத்தாலும் ஒன்று மிச்சம், ஐந்தைந்தாக வைத்தால் மூன்று மிச்சம். கடைசியில், "இது ஒத்தை வரிசைக்குத்தான் லாயக்கு" என்று கையை விரிப்பான். அவ்வளவுதான் சார் விஷயம். பகா எண் என்றால் என்ன என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. 'ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்' என்ற வாசகத்தை அதற்குப் பிறகு சொன்னால், தனக்குத் தெரிந்ததை யாரோ அழகாகச் சொல்கிறார்கள் என்று கேட்பான்.

அடுத்து, ஒரு கடலை வையுங்கள். அதன் பக்கத்தில் 'ட' மாதிரி வளைத்து 3 கடலை. அதற்கு வெளியே 5. அதற்கும் வெளியே 7. ஒவ்வொரு தடவையும் கச்சிதமான சதுரம் கிடைக்கும். 1, 4, 9, 16... ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண் வரும் என்று எந்த ஃபார்முலாவும் இல்லாமல் கண்ணுக்குத் தெரிகிறது. முடிந்ததும் ஆய்வுக்கூடத்தைத் தாளித்துச் சாப்பிட்டுவிடலாம்!

காகிதம் மடித்த டெபுடி கலெக்டர்

'இதெல்லாம் வெளிநாட்டு நவீன முறை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம்மூர் ரெவின்யூ டிபார்ட்மெண்ட்டில் வேலை பார்த்தவர் ஒருவர், பிரிட்டிஷ் காலத்திலேயே உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்த சமாச்சாரம் இது.

அவர் பெயர் டி. சுந்தர ராவ். உத்தியோகம் டெபுடி கலெக்டர். சின்னக் குழந்தைகளுக்கான கிண்டர்கார்ட்டன் விளையாட்டுச் சாமான்களில் கலர் காகிதம் மடிக்கும் செட் ஒன்று உண்டு. அதைப் பார்த்தவருக்கு ஒரு யோசனை. 'காகிதத்தை மடித்தே முழு ஜியாமெட்ரியையும் நடத்தினால் என்ன?' உட்கார்ந்து மடித்தார். சதுரம், சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம் என்று ஆரம்பித்து, காலேஜ் பாடமான பரவளையம், நீள்வட்டம் வரை போனார். காகிதம் தவிர அவர் கேட்ட கருவிகள் ஒரு பேனாக் கத்தி, அளவு குறிக்கத் துண்டுக் காகிதம். அவ்வளவே.

1893-ல் சென்னையில் அந்தப் புத்தகம் வெளியானது. ஜெர்மனியின் மாபெரும் கணித மேதை ஃபெலிக்ஸ் க்ளைன் தன் நூலில் இதைக் குறிப்பிட்டார். விஷயம் அமெரிக்கா வரை போய், 1901-ல் சிகாகோவில் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர்கள் இருவர் பதிப்பாசிரியர்களாக இருந்து திரும்ப அச்சிட்டார்கள். அப்புறமும் பல பதிப்புகள். ஆபீஸில் காகிதத்தை வைத்துக்கொண்டு உருப்படியாக என்ன செய்ய முடியும் என்று யாராவது உங்களைக் கேட்டால், சுந்தர ராவ் பெயரைச் சொல்லுங்கள்!

நீங்களும் மடித்துப் பார்க்கலாம். ஒரு காகிதத்தில் இஷ்டப்படி ஒரு முக்கோணம் வெட்டுங்கள். அதன் பெரிய பக்கம் கீழே இருக்கட்டும். மேல் மூலையை, மடிப்பு அடிப்பக்கத்துக்கு இணையாக இருக்கும்படி மடித்து, அடிப்பக்கத்தைத் தொட வையுங்கள். மீதி இரண்டு மூலைகளையும் அதே புள்ளிக்கு மடியுங்கள். மூன்று மூலைகளும் அக்கம் பக்கமாக உட்கார்ந்து ஒரே நேர்கோடாகிவிடும். மூன்று கோணங்களின் கூடுதல் 180 டிகிரி! இன்னொரு முக்கோணம் வெட்டுங்கள். இன்னொன்று. எதை வெட்டினாலும் இதே கதை.

மலை தரும் தவணை

கணக்கு ஆச்சு. பௌதிகம்? அதற்கு லேபரேட்டரி தேடிப் போக வேண்டாம். புளியறை ரோடே லேபரேட்டரி!

இங்கே 'எஸ் வளைவு' என்று ஒரு இடம் லாரி டிரைவர்கள் மத்தியில் ரொம்பப் பிரபலம். ரோடு பாம்பு மாதிரி நெளிந்து ஏறும். லோடு லாரிகள் முனகிக்கொண்டே போகும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற பையன், "நேரா ரோடு போட்டிருந்தா சீக்கிரம் போயிரலாம்ல?" என்று கேட்பான். நியாயமான கேள்வி. "சும்மா வா" என்று அடக்கிவிட்டால் ஒரு பௌதிக வகுப்பு வீண்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு காகிதத்தில் செங்கோண முக்கோணம் ஒன்று வெட்டி, அதன் சரிந்த விளிம்பில் சிவப்புக் கோடு போடுங்கள். உயரமான பக்கத்திலிருந்து அதை ஒரு பென்சில் மேல் சுற்றுங்கள். சிவப்புக் கோடு பென்சிலைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். மலைப்பாதை என்பது அதுதான். மலையைச் சுற்றிய சாய்தளம். திருகாணியின் மரையும் அதே சங்கதிதான்.

சாய்ந்து போனால் என்ன லாபம்? ஒரு பலகையைப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்து வைத்து, பொம்மை லாரியை ரப்பர் பேண்டால் மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். செங்குத்தாகத் தூக்கும்போது ரப்பர் பேண்ட் அதிகம் நீளும். பலகை வழியாக இழுத்தால் கொஞ்சம்தான் நீளும். 1 மீட்டர் உயரத்துக்கு 4 மீட்டர் பலகை போட்டால், உராய்வைக் கணக்கில் சேர்க்காவிட்டால், நாலில் ஒரு பங்கு விசை போதும். ஆனால் இழுக்க வேண்டிய தூரம் நாலு மடங்கு. பெருக்கிப் பார்த்தால் மொத்த வேலை அதேதான்.

பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், மலை யாருக்கும் கடனைத் தள்ளுபடி செய்வதில்லை, தவணை முறையில் வாங்கிக்கொள்கிறது! இ.எம்.ஐ. கட்டுகிற நமக்கு இதைவிட நன்றாக யாரால் புரியவைக்க முடியும்?

பக்கத்திலேயே பகவதிபுரம் ஸ்டேஷன் வழியாக மலையேறும் ரயில் பாதையும் இருக்கிறது. 1904-ல் மீட்டர் கேஜாக ஆரம்பித்து, அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2018-ல் மறுபடி ஓடத் தொடங்கிய செங்கோட்டை - புனலூர் பாதை. ரோட்டைப் போல ரயில் சட்டென்று நெளிய முடியாது, செங்குத்தாக ஏறவும் முடியாது. அதனால்தான் குகை, பாலம், பெரிய பெரிய வளைவு எல்லாம். பென்சில் மேல் காகிதம் சுற்றிய பையனுக்கு இந்தப் பாதையில் ஒருமுறை போய் வந்தால் போதும். பாடம் மறக்காது.

தீக்குச்சி மாமா

ஐ.ஐ.டி. கான்பூரில் படித்து, புனேயில் டெல்கோ கம்பெனியில் என்ஜினீயராக இருந்தவர் அரவிந்த் குப்தா. 1978-ல் ஒரு வருஷம் லீவு போட்டுவிட்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்துக்குப் போனார். அங்கே கிராமத்துப் பள்ளிகளில், பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து விஞ்ஞானம் படிக்கும் திட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. வாரச் சந்தையில் கிடைத்ததை வைத்து அவர் செய்த சாமான்தான் தீக்குச்சி மாடல். மருந்து நீக்கிய தீக்குச்சி, சைக்கிள் வால்வ் டியூப் துண்டு. டியூப் துண்டு மூட்டு, குச்சி எலும்பு. பிற்பாடு அவர் முழு நேரமும் இந்த வேலைதான் பார்த்தார். 'குப்பையிலிருந்து பொம்மை' என்று உலகமே கொண்டாடியது. 2018-ல் பத்மஸ்ரீ. செய்முறைகளையெல்லாம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் இலவசமாகவே போட்டுவைத்திருக்கிறார்.

தீக்குச்சிக்கு நமக்கா பஞ்சம்? கோவில்பட்டி கூப்பிடு தூரம்! செங்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் ஒரு தாய்மாமனும், ஏழாவது படிக்கும் மருமகனும் உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

"ஏலே, நாலு குச்சிய வச்சு ஒரு சதுரம் பண்ணு பாப்போம்."

"பண்ணிட்டேன் மாமா."

"லேசா அமுக்கு."

"சாயுது மாமா! சப்பட்டையாப் போச்சு."

"இப்ப மூணு குச்சியில முக்கோணம் பண்ணி அமுக்கு."

"அசைய மாட்டேங்கு!"

"அதான் கரண்ட் டவர்ல, ரயில் பாலத்துல எல்லாம் முக்கோணமா அடிச்சிருக்கான். சரி, உன் சதுரம் சாயாம நிக்க என்ன செய்யணும்?"

"மூலைக்கு மூலை குறுக்க ஒரு குச்சி கொடுக்கணும்... மாமா, எட்ட மாட்டேங்கு. ஒரு குச்சி பத்தல."

"ரெண்டு குச்சி?"

"அது ஜாஸ்தி."

"அப்ப எத்தன குச்சிதாம்ல வேணும்?"

இந்தக் கேள்வியில்தான் சார் பையன் மாட்டிக்கொண்டான்! ஒன்று போதாது, இரண்டு அதிகம், ஒன்றரையும் கொஞ்சம் கூடுதல். ஸ்கேலை எடுத்து அளந்தால் 1.4 சொச்சம். அதுதான் ரூட் 2. எழுதினால் புள்ளிக்குப் பிறகு முடிவே இல்லாமல் போகும் எண். பிதாகரஸ் தேற்றத்தின் வாசலில் பையன் தானாகவே வந்து நிற்கிறான். இனிமேல் வாத்தியார் கதவைத் திறந்தால் போதும்.

பின்னே ஏன் நடக்கவில்லை?

இவ்வளவு சுலபம், இவ்வளவு மலிவு என்றால் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இதுவே நடக்க வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல்.

அந்த ஹோஷங்காபாத் திட்டம் 1972-ல் 16 பள்ளிகளில் ஆரம்பித்தது. பிறகு சுமார் ஆயிரம் பள்ளிகளுக்குப் பரவியது. பரீட்சையில்கூடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம். மனப்பாடத்துக்கு மார்க் இல்லை, யோசனைக்குத்தான் மார்க். 30 வருஷம் ஓடியது. 2002-ல் மாநில அரசு ஒரு உத்தரவில் நிறுத்திவிட்டது.

தமிழ்நாட்டிலும் முயற்சிகளுக்குக் குறைவில்லை. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் முன்னின்று செய்தார். பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து, அவரவர் வேகத்தில் படிக்கும் முறை. 2007-08-ல் மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. 2022-ல் சின்ன வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அதிலும் ஆட்டம், பாட்டு, செய்து பார்ப்பது உண்டு.

ஆனால் பையன் மேல் வகுப்புக்குப் போகப் போக, கைக்கு வேலை குறைந்து, வாய்க்கு வேலை கூடிவிடுகிறது. காரணம் அரசாங்கம் மட்டுமா? பிள்ளை ஸ்கூலில் காகிதம் மடித்துவிட்டு வந்தால், "விளையாடவா அனுப்பினேன்? ஹோம் வொர்க் எங்கே?" என்று கேட்பது நாம்தான். ஒரு பீரியடில் முப்பது கணக்கு போர்டில் போடும் வாத்தியாரைக் 'கெட்டிக்காரர்' என்கிறோம். ஒரே கணக்கைப் பிள்ளைகள் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடிக்க விட்டுவிட்டுக் கைகட்டி நிற்கிறவரை 'சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குறார்' என்கிறோம்.

தீக்குச்சி மலிவுதான். நேரம்தான் விலை அதிகம். அந்த விலையைக் கொடுக்க யாருக்கும் மனசில்லை.

விலை கொடுத்தவர்களும் உண்டு. சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்த பி.கே. ஸ்ரீனிவாசன், கணக்கை விளையாட்டாக்குவதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டவர். ராமானுஜனின் கடிதங்களையும், அவரைத் தெரிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் தேடித் தொகுத்தவரும் இவரே. 1993-ல் ராயபுரத்தில் ராமானுஜன் பெயரில் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் உருவானபோது அதைக் கட்டி வளர்த்தார். 2005-ல் காலமாகும்வரை பிள்ளைகளோடுதான் இருந்தார்.

தென்காசிப் பக்கமே ஒரு உதாரணம் இருக்கிறது. 2020 லாக்டவுனில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, ஜோஹோ கம்பெனியின் ஸ்ரீதர் வேம்பு கிராமத்துப் பிள்ளைகள் மூன்று பேருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். சில மாதங்களில் பிள்ளைகள் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டி, ஆசிரியர்களும் சேர்ந்து, கலைவாணி கல்வி மையமாக வளர்ந்தது. கோடீஸ்வரர் என்பதால் முடிந்தது என்பீர்கள். வளர்ந்ததற்கு வேண்டுமானால் பணம் காரணமாக இருக்கலாம். மூன்று பிள்ளைகளுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கப் பணம் எதற்கு?

ஒரு எச்சரிக்கை

கையால் செய்துவிட்டால் எல்லாம் வந்துவிடும் என்று இல்லை. நூலால் அளந்தால் 'பை' 3.1-ம் வரும், 3.2-ம் வரும். காகிதம் மடித்தால் அந்த ஒரு முக்கோணத்துக்குத்தான் தெரியும். உலகத்து எல்லா முக்கோணத்துக்கும் இது சரியா என்றால் நிரூபணம் வேண்டும். அதற்குப் பேனாவும் நோட்டும் மூளையும் வந்தே ஆகவேண்டும். கையின் வேலை கேள்வியைக் கிளப்புவது. கேள்வி கிளம்பாதவனிடம் நிரூபணத்தைக் கொடுப்பது, பசிக்காதவனுக்குப் பந்தி வைக்கிற மாதிரி.

இன்னொன்று. நாம் செய்து காட்டி, பையன் வேடிக்கை பார்த்தால் அது மேஜிக் ஷோ. தப்போ சரியோ, அவன் கைதான் செய்ய வேண்டும். 'தள்ளு, நான் செய்யிறேன்' என்று பிடுங்காமல் இருப்பதுதான் இதில் பெரிய தவம்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு...

* 25 சென்டிமீட்டர் நூலில் சாவிக்கொத்தைக் கட்டி ஆட விடுங்கள். போய்த் திரும்ப ஏறக்குறைய 1 விநாடி. 1 மீட்டர் நூல் என்றால் 2 விநாடி. நீளம் நாலு மடங்கு, நேரம் இரண்டே மடங்கு! சாவிக்குப் பதில் பூட்டைக் கட்டினால் நேரம் மாறுமா? முதலில் பந்தயம் கட்டச் சொல்லுங்கள், பிறகு பார்க்கட்டும்.

* தென்னை மரம் எவ்வளவு உயரம்? ஏற வேண்டாம். வெயிலில் 1 மீட்டர் குச்சியை நட்டு வையுங்கள். குச்சியின் நிழல் சரியாக 1 மீட்டராகும் நேரத்தில், சமதரையில் விழுந்த மரத்தின் நிழலை அளந்தால் அதுவே மரத்தின் உயரம்.

* கோவில் கொடையில் தூரத்தில் வெடி போடும்போது, வெளிச்சம் தெரிந்ததிலிருந்து சத்தம் வரும்வரை விநாடிகளை எண்ணச் சொல்லுங்கள். மூன்று விநாடி என்றால் சுமார் 1 கிலோமீட்டர். இடி மின்னலுக்கும் இதே கணக்கு, ஆனால் அதை வீட்டுக்குள் இருந்தபடி எண்ண வேண்டும்.

இதற்கு அப்பாவாக இருக்க வேண்டும் என்பதில்லை. சித்தப்பா, மாமா, அண்ணன் எந்த போஸ்ட்டிலும் செய்யலாம். கல்யாணம் ஆகாதவர்களுக்கும் அக்கா பிள்ளைகள் உண்டு. வாரம் ஒரு மணி நேரம் போதும்.

கணக்கில் ஃபெயிலாகிப் படிப்பை விட்ட பிள்ளைகளை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். டீக்கடையில் மனக்கணக்காக மிச்சம் கொடுப்பான். ஒர்க் ஷாப்பில் கண் அளவிலேயே, '12-ம் நம்பர் ஸ்பேனர் எடு' என்பான். கைக்குக் கணக்கு வரும், பரீட்சைப் பேப்பருக்குத்தான் வராது. அவனுக்கு மூளை இல்லை என்று முடிவு கட்டியது நாம்.

மூளைக்குப் போகிற ரோடு அவனுக்கு விரல் வழியாக இருந்தது. அந்த ரோட்டில் ஒரு செக்போஸ்ட்டைப் போட்டு, 'ஃபார்முலா இருக்கா?' என்று கேட்டு நிறுத்திவிட்டோம். அவ்வளவுதான்.